தாத்தாவின் பழைய மைப்பேனாவை வீட்டிலேயே எழுத வைப்பது எப்படி?

தாத்தா எழுதிய பேனா ஒன்று அலமாரியின் அடியில் கிடைத்தது. கறுப்பு நிறம் மங்கி இருக்கிறது, பக்கவாட்டில் உள்ள சின்ன லீவர் அசைய மறுக்கிறது, நிப்பில் மை காய்ந்து இறுகிக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டிருப்பது மூன்று கேள்விகள். வெந்நீரில் ஊறப் போடலாமா? லீவரைக் கொஞ்சம் பலமாக நெம்பிப் பார்க்கலாமா? நிப்பு கீறினால் புது நிப்பு வாங்கிப் போட்டுவிடலாமா?

முதல் இரண்டுக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. இதைப் படித்து முடிக்கும்வரை பேனா மேசைமேலேயே இருக்கட்டும். மூன்றாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் உங்கள் பேனா மறுபடி எழுதுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. லீவர் வைத்த பேனா என்பது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நகைக்கடை வைத்திருந்த வால்டர் ஷீஃபர் 1908-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. அதன்பின் பல நாடுகளில், பல நிறுவனங்கள் அதே முறையில் பேனா செய்தன. பேனாவின் உடலுக்குள் ஒரு ரப்பர் பை. பைக்கும் லீவருக்கும் நடுவே நீளமான ஒரு உலோகத் தகடு. லீவரை நிமிர்த்தினால் தகடு பையை அமுக்கும், உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். லீவரை விட்டால் பை உப்பும், அப்போது மையை உறிஞ்சிக்கொள்ளும். இவ்வளவுதான் சங்கதி. இந்தப் பேனாவில் முதலில் சாகிற உறுப்பு ரப்பர் பை என்பது செய்தவர்களுக்கே தெரியும். அதனால்தான் பையை அரக்கால் ஒட்டினார்கள், எழுதும்போது விரல் பிடிக்கும் பகுதியான கழுத்தைப் பெரும்பாலும் இறுக்கமாகச் செருகி மட்டும் வைத்தார்கள். இரண்டுமே லேசான சூட்டில் இளகிக் கொடுக்கும். பை போகும், பேனா நிற்கும் என்று கணக்குப் போட்டுச் செய்த பொருள் இது. நாமும் அதே கணக்கில்தான் வேலை பார்க்க வேண்டும்: நாளைக்கு இன்னொருவர் பிரித்து மறுபடி பூட்டும்படியான வேலையை மட்டும் செய்வது. உடனடிப் பசை, எபாக்ஸி, மெஷின் எண்ணெய் எதுவும் இந்த மேசைக்கே வரக்கூடாது.

லீவர் ஏன் அசையவில்லை? உள்ளே இருக்கும் பை கல்லாகிவிட்டது. ரப்பர் பல வருடம் காற்றோடும் மையோடும் கிடந்தால் ஒன்று இறுகி முட்டை ஓடுபோல நொறுங்கும், அல்லது இளகிக் கோந்துபோல ஒட்டிக்கொள்ளும். உங்களுடையது இறுகிவிட்டது. அந்தக் கல்லுக்கு எதிராக லீவரை நெம்பினால் லீவரைப் பிடித்திருக்கும் மெல்லிய ஊசி வளையும், இல்லையென்றால் லீவர் பொருந்தியிருக்கும் நீண்ட துளையின் ஓரத்தில் பேனாவின் உடலே விரிசல் விடும். பை மாற்றுவது ஒரு மாலை நேர வேலை. உடைந்த உடலைச் சரிசெய்வது அப்படியல்ல.

அடுத்தது, பேனா எதனால் செய்தது என்று கண்டுபிடிப்பது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது. கட்டைவிரலால் பேனாவின் உடலை ஒரே இடத்தில் சூடேறும் அளவுக்குத் தேய்த்துவிட்டு முகர்ந்து பாருங்கள். எரிந்த ரப்பர் நெடியும் கந்தக நெடியும் கலந்து வந்தால் எபொனைட். ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்து, சூட்டில் இறுக்கிச் செய்தது அது. மெல்லிய கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் கலந்துதான் அதைச் செய்தார்கள், நூறு வருடமானாலும் அந்த வாசனை மிச்சம் இருக்கும். 1920-களின் தொடக்கம் வரை பேனாக்கள் பெரும்பாலும் எபொனைட். 1924-இல் ஷீஃபர் செல்லுலாய்டுக்கு மாறிய பிறகு மற்றவர்களும் வண்ண வண்ணமாக அதற்குப் போனார்கள். மூன்றாவது வகை ஒன்று உண்டு, கேசீன். பாலில் இருக்கும் புரதத்தை ஃபார்மால்டிஹைடில் இறுக்கிச் செய்வது. இங்கிலாந்தின் கான்வே ஸ்டீவர்ட் இதில் மிக அழகான பேனாக்களைச் செய்தது. கேசீன் தண்ணீரை உறிஞ்சி ஊதும், வளையும், வெடிக்கும். அதை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உங்களுடையது எபொனைட்டாக இருக்கும் என்பது என் ஊகம். அதைச் சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். மூடியைக் கழற்றி, மூடிக்குள் மறைந்திருந்த பகுதியையும் எப்போதும் வெளியே தெரிந்த பகுதியையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். மறைந்திருந்த இடம் கன்னங்கரேலென்றும், வெளியே இருந்த இடம் பாசி படர்ந்த பழுப்பாகவும் இருந்தால் எபொனைட்டேதான். வெளிச்சமும் ஈரமும் சேர்ந்து மேற்பரப்பில் உள்ள கந்தகத்தோடு வினைபுரிவதால் வரும் நிறம் அது. அப்படி வெளுத்த எபொனைட்டைத் தண்ணீரில் போட்டால், அதுவரை கறுப்பாகத் தெரிந்த இடமும் பழுப்பாகிவிடும். வெந்நீரில் போட்டால் சில நிமிடங்களிலேயே ஆகிவிடும். நான் பழுது பார்த்த முதல் பேனாவை இப்படித்தான் ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்கினேன். உடலில் அலை அலையாக வரி செதுக்கிய கறுப்புப் பேனா. காலையில் எடுத்தபோது நனைந்த மரப்பட்டை நிறத்தில் இருந்தது. மெருகு போட்டால் கறுப்பு திரும்பும், ஆனால் அந்த வரிகள் தேய்ந்துபோகும். அப்படியே விட்டுவிட்டேன். இன்றும் அந்த நிறத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிரிப்பதற்கு முன் போனில் நாலைந்து புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, நிப்பு கழுத்திலிருந்து எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்பதும், நிப்புக்கு அடியில் இருந்து மையைக் கொண்டுவரும் துண்டான நாக்கு, நிப்பின் நுனிக்கு எவ்வளவு பின்னால் நிற்கிறது என்பதும் தெளிவாகத் தெரிய வேண்டும். உடலில் நிறுவனத்தின் பெயர் பொறித்திருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள், நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்தெல்லாம் எழுந்து வரும்.

இப்போது கழுத்தைக் கழற்றும் கட்டம். இந்த வேலை முழுவதிலும் பதற்றம் தரும் இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். தேவையானது ஹேர் டிரையர் ஒன்று, பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டு இரண்டு. கழுத்தும் உடலும் சேரும் இடத்தை டிரையருக்கு முன்னால், ஒரு சாண் தள்ளி, விடாமல் உருட்டிக்கொண்டே காட்டுங்கள். அரை நிமிடம் காட்டியதும் எடுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள். விரலைவிட உதட்டுக்குச் சூடு நன்றாகத் தெரியும். உதடு தாங்கும் சூடுதான் பேனா தாங்கும் சூடு. செல்லுலாய்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இளகி உருக்குலையத் தொடங்கும். நெருப்புப் பட்டால் குபீரென்று பற்றிக்கொள்ளும். மெழுகுவர்த்தி, லைட்டர், அடுப்பு எதன் பக்கமும் கொண்டுபோக வேண்டாம்.

சூடானதும் ஒரு ரப்பர் துண்டால் கழுத்தையும் இன்னொன்றால் உடலையும் பிடித்து, முதலில் லேசாக முறுக்கிப் பாருங்கள். இழுக்காதீர்கள். சில பேனாக்களில் கழுத்து மரை போட்டது, பலவற்றில் வெறுமே செருகியது. எது என்று தெரியாத நிலையில் முறுக்குவதுதான் இரண்டுக்கும் பாதுகாப்பு. நிப்பைப் பிடித்து முறுக்கவே கூடாது. அசையவில்லையா, மறுபடி சூடு காட்டுங்கள். மறுபடி முறுக்குங்கள். எட்டு முறை, பத்து முறை ஆகலாம், சில பேனாக்களுக்கு இரண்டு நாள்கூட ஆகும். ஒவ்வொரு தடவையும் ஒரே பலம், கூடுதல் பலம் கிடையாது. ஒரு கட்டத்தில் கைக்குள் சின்னதாக ‘டிக்’ என்று ஒரு நகர்வு தெரியும். காதில் கேட்பதைவிட விரலில்தான் தெரியும். முதல்முறை உடைந்துவிட்டதோ என்று நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடும். உடைந்திருக்காது, பழைய அரக்கும் காய்ந்த மையும் விட்டுக்கொடுத்த சத்தம் அது. அதன்பின் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியபடி நேர்க்கோட்டில் வெளியே எடுங்கள். கோணலாக ஆட்டி எடுத்தால் உடலின் வாய் விளிம்பு கீறிவிடும்.

கழுத்து வந்ததும் அதன் பின்பக்கம் ஒல்லியான குழாய் முனை ஒன்று தெரியும். அதைச் சுற்றிப் பழைய பையின் விளிம்பு ஒட்டியிருக்கும். மிச்சப் பை உடலுக்குள் சில்லுச் சில்லாகக் கிடக்கும். உடலைக் கவிழ்த்துத் தட்டினால் கருகிய தோல்போலத் துண்டுகள் கொட்டும். உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பதை மர ஈர்க்குச்சியாலோ மூங்கில் குச்சியாலோ சுரண்டி எடுங்கள், இரும்புக் கம்பி வேண்டாம். உள்ளே இருக்கும் அழுத்துத் தகட்டைப் பாருங்கள். ஒரு முனை மடங்கிய கொக்கிபோல இருக்கும். துருப்பிடித்து முறிந்திருந்தால் மட்டும் புதிது போட வேண்டும். லேசான துரு என்றால் தேய்த்துவிட்டு அதையே வைத்துக்கொள்ளலாம். பை போன பிறகு லீவர் தானாகவே அசையும், முன்பு அதைத் தடுத்தது எது என்று அப்போது கண்ணாலேயே பார்ப்பீர்கள். குழாய் முனையில் உள்ள பழைய அரக்கை நகத்தாலோ மழுங்கின கத்தியாலோ மெதுவாகச் சுரண்டிச் சுத்தமாக்குங்கள். அந்த முனை மெல்லியது. அது உடைந்தால் புதுப் பை மாட்ட இடமில்லை.

நிப்பையும் நாக்கையும் கழற்ற வேண்டுமா? முடிந்தவரை வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். புத்தகத்தையும் காணொலியையும் பார்த்துவிட்டு எல்லாரும் முதலில் செய்ய ஆசைப்படுவது இதைத்தான், அதிகமாக உடைப்பதும் இதில்தான். கழுத்து கையில் தனியாக இருக்கும்போது, அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரில் நிப்பை மட்டும், நுனியிலிருந்து கழுத்தின் விளிம்பு வரை, ஒரு சின்னக் கிண்ணத்தில் நிறுத்தி வையுங்கள். எபொனைட் என்பதால் வெளிச்சம் படாத இடம், கால் மணி நேரம். கழுத்தின் பின்முனையில் ரப்பர் பல்பு சிரிஞ்சைப் பொருத்தித் தண்ணீரைத் தள்ளுங்கள். முதலில் எதுவும் போகாது. பிறகு நாக்கின் அடியிலிருந்து நீல நூல் ஒன்று இறங்கிக் கிண்ணத்தின் அடியில் சுருண்டு படியும். எத்தனையோ வருடத்துக்கு முன்னால் யாரோ நிரப்பிய மை அது. இந்த வேலையில் எனக்கு அலுக்காத காட்சி இது ஒன்றுதான். தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள், நடுவில் துடைத்து உலரவிடுங்கள்.

அப்படியும் அடைப்பு விடவில்லை என்றால் பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வீட்டு உபயோக அமோனியாவும், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, சில நிமிடம் மட்டும் உள்ளே தள்ளிவிட்டு நன்றாக அலசுங்கள். பித்தளை, அலுமினியப் பாகங்களில் அது தங்கக்கூடாது. அமோனியாவோடு பிளீச்சிங் திரவம் எக்காரணம் கொண்டும் சேரக்கூடாது, விஷ வாயு வரும். ஆல்கஹால் வேண்டாம், அது அரக்கைக் கரைக்கும், செல்லுலாய்டையும் தின்னும். அசிட்டோன் அதைவிட மோசம்.

நாக்கு சுத்தமாக இருப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பேனா எழுதுவது மை இறங்குவதால் மட்டும் அல்ல, காற்று ஏறுவதாலும்தான். பையிலிருந்து மை இறங்கும் அளவுக்கு உள்ளே காற்று போக வேண்டும். 1884-இல் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற நாக்கு இந்தச் சிக்கலைத்தான் தீர்த்தது: ஒரே பள்ளத்தில் மிக மெல்லிய கீற்றுகள், கீற்று வழியே மை கீழே வரும், பள்ளம் வழியே காற்று மேலே போகும். கீற்றில் காய்ந்த மை அடைத்தால் பேனா திக்கும். காற்று அளவுக்கு மீறி ஏறினால் பேனா கக்கும்.

இப்போது புதுப் பை. பையின் அளவு எண், அங்குலத்தில் 64-இல் எத்தனை பங்கு அதன் வெளிவிட்டம் என்பதைச் சொல்லும். 16-ஆம் எண் பை என்றால் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். உடலுக்குள் தாராளமாகப் போகவேண்டும், சுவரோடு உரசக்கூடாது, தகட்டுக்கும் இடம் வேண்டும். அதே சமயம் குழாய் முனையில் கொஞ்சம் இழுத்து மாட்டும்படியான இறுக்கமும் இருக்க வேண்டும். இவ்விரண்டுக்குள் அடங்குவதில் பெரியது எதுவோ அதை எடுங்கள், மை அதிகம் பிடிக்கும். நீளத்துக்கு, பையை முனையில் மாட்டி உடலுக்கு வெளியே பக்கத்தில் வைத்துப் பார்த்து, உட்புற அடியைத் தொடாமல் மூன்று மில்லிமீட்டர் குறைவாக நிற்கும்படி வெட்டுங்கள். நீளமாகிவிட்டால் உள்ளே மடங்கி முறுக்கிக்கொள்ளும். வெட்டும்போது கூரான கத்தரிக்கோலால் ஒரே வெட்டு.

ஒட்டுவதற்கு அரக்கு. மரச்சாமான்களுக்குப் பூசும், ஆல்கஹாலில் கரைத்த அரக்குதான். மெல்லிய தூரிகையால் குழாய் முனையைச் சுற்றி மெல்லிய ஒரு பூச்சு. பையின் வாயைச் சிறு இடுக்கியால் விரித்து மாட்டி, கோணல் இல்லாமல் நேராக்கி, வழிந்ததைத் துடைத்துவிட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் உடனடிப் பசைக்குக் கை நீட்டுவார்கள். அது ரப்பரை இறுக்கிவிடும், அடுத்தமுறை பை மாற்றும்போது முனையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். அரக்கு ஒட்டியதை லேசான சூட்டில் யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம்.

மறுநாள் பையின்மேல் வாசனை சேர்க்காத டால்க் பவுடரைக் கொஞ்சம் தடவுங்கள், தகடு வழுக்கிச் செல்வதற்கு. வாசனைப் பவுடரில் இருக்கும் எண்ணெய் ரப்பருக்கு ஆகாது. வாசலினும் அப்படித்தான், பெட்ரோலியத்திலிருந்து வரும் எதுவும் ரப்பரை அரிக்கும். கழுத்தை உடலுக்குள் செருகும்போது நிப்பின் முதுகும் லீவரும் ஒரே பக்கம் பார்த்தபடி இருக்கட்டும். பெரும்பாலான பேனாக்கள் அப்படித்தான் பூட்டப்பட்டிருக்கும், உங்கள் புகைப்படத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். செருகும்போதும் லேசான சூடு காட்டுங்கள். கழுத்து தளர்வாக இருந்தால் செருகும் பகுதியில் மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்று போதும்.

மை ஊற்றுவதற்கு முன் தண்ணீரில் சோதியுங்கள். கண்ணாடி டம்ளரில் நிப்பைக் கழுத்து வரை முக்கி லீவரை மெதுவாக நிமிர்த்துங்கள். குமிழிகள் வர வேண்டும். லீவரைப் படுக்க வைத்துவிட்டுப் பத்து எண்ணும்வரை பேனாவை எடுக்காதீர்கள். பை உப்பி உறிஞ்ச நேரம் வேண்டும், உடனே எடுப்பதால்தான் பாதி மை மட்டும் ஏறுகிறது. வெளியே எடுத்துத் துடைத்து, நிப்பு கீழே பார்க்க ஒரு காகிதத்தின்மேல் நிறுத்தி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் சொட்டவில்லை என்றால் பை நன்றாக உட்கார்ந்திருக்கிறது.

இனி நிப்பு. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று வேண்டும், கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் செருகிக்கொள்வதுபோல. நிப்பின் நுனியை எதிரே இருந்து பாருங்கள், முகத்துக்கு நேராக. நடுவே ஒரு பிளவு, இருபுறமும் இரண்டு சின்ன உலோக மணிகள். அந்த உலோகத்துக்கு இரிடியம் என்று பெயர் நிலைத்துவிட்டாலும், ஆஸ்மியம், ருத்தேனியம் போன்ற மிகக் கடினமான உலோகங்களின் கலவைதான் பெரும்பாலும் அங்கே இருப்பது. அந்த மணிகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? ஒன்று முடி அளவு இறங்கியிருந்தால்கூட எழுதும்போது ஒரு திசையில் காகிதத்தைக் கீறும். ‘நிப்பு கீறுகிறது’ என்று வரும் புகார்களில் நான் பார்த்த பெரும்பாலானவை இந்த உயர வித்தியாசம்தான், தேய்மானம் அல்ல. சரிசெய்யக் கருவி தேவையில்லை. உயர்ந்து நிற்கும் பக்கத்தை நகத்தால் மெல்லக் கீழே அழுத்தி ஒரு கணம் வைத்திருந்து விடுங்கள், லென்ஸில் பாருங்கள், மறுபடி செய்யுங்கள். தங்க நிப்பு வளைந்து கொடுக்கும், ஆனால் திரும்பி வரவும் செய்யும். அதனால் தேவையானதைவிட ஒரு துளி அதிகமாகத் தள்ள வேண்டியிருக்கும். கை பழகப் பத்து நிமிடம் ஆகும்.

பிளவை வெளிச்சத்தின் எதிரே பிடித்துப் பார்த்தால் நடுத் துளையிலிருந்து நுனி நோக்கி ஒடுங்கிக்கொண்டே வரும் வெளிச்சக் கோடு தெரியவேண்டும். நுனியில் அகன்றிருந்தால் மை வராது. பிளவுக்குள் காய்ந்த மை சிக்கியிருந்தால் 0.05 மில்லிமீட்டர் கனமுள்ள பித்தளைத் தகடு ஒன்றை உள்ளே விட்டு ஒருமுறை இழுங்கள். சவர பிளேடு அதற்கு மாற்று அல்ல, விளிம்பை அரிந்துவிடும். மிக நுண்ணிய மெருகுத் தாளில் நிப்பைத் தேய்ப்பது கடைசியிலும் கடைசி. உயரம் சரியாகி, மை நன்றாக ஓடி, அப்போதும் கீறினால், 12,000 எண் தாளில் எடை கொடுக்காமல் எட்டு என்ற எண்ணின் வடிவில் நாலைந்து முறை இழுங்கள். நிறுத்திப் பாருங்கள். தேய்த்து எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது.

வெளிப்புறத்துக்கு நான் அதிகம் செய்வதில்லை. மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, மூடியின் உள்ளே காய்ந்த மையைப் பஞ்சுக் குச்சியால் எடுத்து, கிளிப்பையும் வளையத்தையும் நகைத் துணியால் லேசாக. தங்க முலாம் மெல்லியது, அழுத்தித் துடைத்தால் அடியில் இருக்கும் பித்தளை எட்டிப் பார்க்கும். பழுப்பாகிவிட்ட எபொனைட்டை மெருகு போட்டுக் கறுப்பாக்கலாம். மேல் தோலைச் சீவி எடுக்கும் வேலை அது. பொறித்த பெயரும் செதுக்கிய வரிகளும் ஆழமாக இருந்தால் யோசிக்கலாம், மங்கலாக இருந்தால் அந்தப் பழுப்பே இருக்கட்டும். கறுப்புச் சாயம் பூசிப் புதிதுபோலக் காட்டுவது எனக்குச் சம்மதமில்லை. மூடியின் விளிம்பில் மயிரிழை விரிசல் இருந்தால் தொடாமல் விடுங்கள், மூடியைப் பேனாவின் பின்னால் அழுத்திச் செருகி எழுதுவதை மட்டும் நிறுத்துங்கள்.

படிக்கிற மற்றவர்களின் பேனாவில் லீவர் இல்லாமல் இருக்கலாம், அவர்களுக்கும் ஓரிரு வார்த்தை. 1929-இல் பெலிக்கன் நிறுவனம் கொண்டுவந்ததுபோலப் பின்முனையைத் திருகி மை ஏற்றும் பிஸ்டன் பேனா என்றால், அசையாத பிஸ்டனைப் பலமாகத் திருகாதீர்கள். நிப்பு வழியாகத் தண்ணீர் ஏற்றி நாள் கணக்கில் ஊறவிட்டு, அசையத் தொடங்கியதும் மிகக் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் வைத்தால் போதும். 1948-க்குப் பிந்தைய பார்க்கர் 51-இல் உலோக உறைக்குள் இருக்கும் பை ரப்பர் அல்ல, பிளாஸ்டிக். பெரும்பாலும் இன்றும் உயிரோடு இருக்கும், தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சித் துப்பவைத்தாலே எழுதத் தொடங்கிவிடும். 1933-இல் வந்த பார்க்கர் வேக்குமேட்டிக்கின் உள்ளே இருப்பது ரப்பர் சவ்வு, அதைப் பிரிக்கத் தனிக் கருவி வேண்டும். அதை மட்டும் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

மை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மைப்பேனாவுக்கென்று விற்கும், தண்ணீரில் கழுவினால் போகும் சாதாரண நீல மை போதும். படம் வரையும் இந்தியன் இங்க்கில் கரித்தூளும் அரக்கும் இருக்கும், உள்ளே காய்ந்தால் நாக்கின் கீற்றுகள் நிரந்தரமாக அடைபடும். பழைய பார்க்கர் 51-க்கென்று வந்த மைப் புட்டி பேனாவோடு சேர்ந்து கிடைத்தால் நினைவுக்காக வைத்துக்கொள்ளுங்கள், ஊற்றாதீர்கள், காரம் மிகுந்தது. தொடர்ந்து எழுதாத நாட்களில் மையை வெளியேற்றித் தண்ணீரில் இரண்டுமுறை அலசி உலர வைத்துவிட்டால் பை நீண்ட வருடங்களுக்கு உழைக்கும்.

மூன்றாவது கேள்வி, நிப்பை மாற்றலாமா. நிப்பைக் கழுவியபின் அதில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். 14 காரட் என்றோ 585 என்றோ இருந்தால் அது தங்கம், 1000-இல் 585 பங்கு. ஆனால் நான் மாற்ற வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் தங்கம் அல்ல. வருடக் கணக்காக ஒருவரே எழுதிய நிப்பின் நுனியில், அவர் பேனாவைச் சாய்த்துப் பிடித்த கோணத்தில் ஒரு தட்டையான தேய்மானம் விழுந்திருக்கும். லென்ஸில் பார்த்தால் மணியின் ஒரு பக்கத்தில் சின்னக் கண்ணாடித்துண்டுபோல அந்த இடம் மின்னும். உயரம் சரியாக இருந்தும் உங்கள் கையில் கீறுகிறது என்றால், நீங்கள் அந்தத் தளத்தின் விளிம்பில் எழுதுகிறீர்கள் என்று அர்த்தம். பேனாவை விரல்களுக்குள் இடப்பக்கமாக ஒரு துளி உருட்டி ஒரு வரி எழுதிப் பாருங்கள், பிறகு வலப்பக்கமாக ஒரு துளி. காகிதத்திலிருந்து கொஞ்சம் சாய்த்தும் நிமிர்த்தியும் பாருங்கள். ஓர் இடத்தில் கீறல் சட்டென்று நின்று, நுனி எண்ணெயில் போவதுபோல வழுக்கும். உங்கள் தாத்தா பேனாவைப் பிடித்தது அந்த இடத்தில்தான்.